மணத்தக்காளி பழம் நல்லதா, விஷமா? பறிச்சு சாப்பிடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வயல் வரப்பு, வேலியோரம், வீட்டுக் கொல்லை என எங்கும் தானாகவே முளைப்பது மணத்தக்காளி. மிளகு தக்காளி, சுக்குட்டி என்றும் ஊருக்கு ஊர் பெயர் உண்டு. பழுத்த பழத்தைப் பிள்ளைகள் பறித்து வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் அதே செடியின் காய் வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

காயில் என்ன பிரச்சனை?

உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் குடும்பம்தான் இதுவும். பச்சை நிறமாக மாறிய உருளைக்கிழங்கில் இருக்கும் சோலனைன் என்ற நச்சு, மணத்தக்காளி காயிலும் இருக்கு. பழுக்கப் பழுக்க இதன் அளவு குறையும். அதனால் முழுசா நிறம் மாறி, மெத்தென்று ஆன பழத்தை மட்டும் சாப்பிடணும்.

அப்போ வத்தல்?

வத்தல் போடுவது காயில்தான். மோரில் உப்பு போட்டு ஊறவைத்து, காயவைத்து, வறுத்து, குழம்புக்கு ஒரு பிடிதான் சேர்க்கிறோம். அந்த அளவோடு நிறுத்திக்கணும். கொதிக்க வைத்தாலும் சோலனைன் எளிதில் அழியாது.

வாய்ப்புண் ஆறுமா?

கீரையைப் பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுவது பழைய கைவைத்தியம். ஆனால் 3 வாரம் ஆகியும் ஆறாத புண், வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். நாள் கடத்தாம டாக்டரிடம் காட்டணும்.

கல்லீரலுக்கு நல்லது என்பதற்கு எலிகளிடம் நடந்த ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் போதிய ஆதாரம் இல்லை. மஞ்சள் காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் சாறு மட்டும் குடிச்சுட்டு இருப்பது ஆபத்து.

அடையாளம் காண்பது எப்படி?

* மணத்தக்காளி: சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். பழம் கொத்துக் கொத்தாக, பட்டாணியைவிடச் சிறிதாக இருக்கும்.
* பெல்லடோனா: ஐரோப்பாவில் வளரும் கொடிய விஷச்செடி. பூ மணி வடிவில், ஊதா கலந்திருக்கும். பழம் தனித்தனியாக, செர்ரி அளவில் இருக்கும்.

சந்தேகம் இருந்தா பறிக்கவே வேண்டாம். பூச்சிமருந்து அடித்த வயலிலும் பறிக்கக்கூடாது.

குழந்தை காயைத் தின்றுவிட்டால்?

வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைவலி, மந்தமான தூக்கம் வரலாம். சில மணி நேரம் கழித்தும் இவை தொடங்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. காயோடு இருக்கும் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. வண்டி இல்லையென்றால் 108-க்கு அழையுங்கள்.