அடங்காத அமுக்கம்

வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை, சிறுநீர்பெருக்கி உட்பட, போதிய அளவிற் கொடுத்தும் இரத்த அமுக்கம் இறங்காவிடின், அதனை மருந்துக்கு அடங்காத அமுக்கம் என வைத்திய நூலார் வகுப்பர். அடங்காமை என்னும் பழியை இத்தொடர் நோயின்மீதே சுமத்துகிறது. வரலாற்றை நோக்கின் அப்பழியிற் பெரும்பங்கு வேறிடங்களுக்குரியது என்பது புலனாகும்.

கையிற் சுற்றும் காற்றுப்பட்டியையும் இரசக்குழாயையும் இணைத்து அமுக்கத்தை அளக்க 1896இல் வழிவகுத்தவர் இத்தாலியரான றிவா றொச்சி. அவரது பட்டி மிக ஒடுங்கியது; ஒடுங்கிய பட்டி உள்ளதைவிட உயர்ந்த அளவையே காட்டும். 1901இல் ஜேர்மனியரான வொன் றெக்லிங்கவுசன் இப்பிழையை எடுத்துக்காட்டிப் பட்டியை அகலமாக்கினார். 1905இல் ருஷ்ய இராணுவ வைத்தியரான கொறொற்கோவ், பட்டிக்குக் கீழே நாடியிற் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேலளவு, கீழளவு இரண்டையும் அறியும் முறையை ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அறிக்கையாக வெளியிட்டார். பருத்த கையிற் சிறிய பட்டியைச் சுற்றிவிட்டு, அமுக்கம் அடங்கவில்லை என்று எழுதும் வழக்கமோ இன்றும் ஒழிந்தபாடில்லை.

அளக்கத் தெரிந்தும் அடக்கத் தெரியாதிருந்த காலத்துக்குச் சாட்சி, அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற். 1937இல் அவரது அமுக்கம் 162/98, 1941இல் 188/105. 1944 மார்ச்சில் இருதய வைத்தியரான ஹவார்ட் புறூயென் சோதித்தபோது 186/108, இருதயமும் பெருத்திருந்தது. ஜனாதிபதியின் தலைமை வைத்தியரோ காது, மூக்கு, தொண்டை நோய்களில் வல்லவர். வயதுக்கேற்ற சுகத்துடன் இருக்கிறார் என்றே அவர் உலகுக்கு அறிவித்து வந்தார். உப்பையும் சிகரெட்டையும் குறைத்தல், ஓய்வு, இருதயத்துக்கு டிஜிற்றாலிஸ்: செல்வத்திற் சிறந்த நாட்டின் அதிபதிக்கும் அன்றைய வைத்தியம் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய இவ்வளவே. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி மேலளவு 300ஐத் தாண்டியது. மூளையில் இரத்தம் கசிந்து அன்றே இறந்தார். யால்ற்றாவில் ஸ்ராலினுடனும் சேர்ச்சிலுடனும் உலகின் எதிர்காலத்தைப் பேசி இரண்டு மாதங்களே கழிந்திருந்தன. புறூயென் தம் குறிப்புகளை வெளியிட்டது 1970இல்! ஆட்சியாளரின் உடல் அரச இரகசியமாகும்போது, மக்கள் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்கிறது.

மருந்து பின்னரே வந்தது. நாட்டு வைத்தியம் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தியின் ஆற்றலைப் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதழொன்றில் எழுதினார். 1952இற் சுவிற்சர்லாந்துக் கம்பனியொன்றின் ஆய்வாளர் அதிலிருந்து றெசேப்பினைப் பிரித்தெடுத்தனர். அதனுடன் வேறிரு மருந்துகளைச் சேர்த்து, எட்வேட் பிறீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாட் படைவீரர் 143 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1967இல் வெளிவந்தது. போலி மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடுங்கேடு விளைந்தது. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கே விளைந்தது. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. சோதனை தொடங்குமுன் மாத்திரையில் றைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, சிறுநீரிற் பார்த்து, ஒழுங்காக விழுங்காதோரை விலக்கிவிட்டனர். மருந்தின் அவ்வெற்றி, மருந்து வயிற்றுக்குட் சென்றோரிடம் பெற்ற வெற்றி.

ஸ்பெயினில் அடங்காத அமுக்கமுடையோர் எனப் பதியப்பட்ட 8,295 பேரை 24 மணி நேரக் கருவியால் அளந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோருக்கு வைத்தியர் முன்னிலையில் மட்டுமே அமுக்கம் உயர்ந்தது. உண்மையாகவே அடங்காதோருட் சிலருக்குக் காரணம், 1955இல் ஜெறோம் கொன் விபரித்த அல்டொஸ்ரறோன் மிகை. நான்காவது மருந்தாகப் பழைய ஸ்பைறோனொலக்ரோனே சிறந்தது என 2015இற் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது.

இலங்கையில் 1971இல் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. கம்பனிப் பெயரை விடுத்து, மருந்தின் பொதுப்பெயரால் மலிவாகக் கொள்வனவு செய்யும் அவரது கொள்கையைப் பன்னாட்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன. அம்மாதங்களிற் கிளினிக்குக்கு வந்தவரின் உயர்ந்த அளவைக் கண்டு நான்காவது மருந்தை எழுதுமுன், முதல் மூன்றும் அவர் கைக்குக் கிடைத்தனவா என்று கேட்க வேண்டியிருந்தது.