கிணறு இறைத்த பின் நீரைச் சீராக்கல்

தூர்வாரி, பழைய நீரை முழுக்க இறைத்துவிட்ட கிணற்றில் ஊறிவரும் புதுநீரைக் குடிக்கத் தக்கதாக்கும் முறை இது. வீட்டுக்கொரு கிணறு என்ற திருவிதாங்கூர் வழக்கம், 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் கன்னியாகுமரி மாவட்டத்தை விட்டு முற்றாகப் போகவில்லை.

புது ஊற்று என்றாலே சுத்த நீர் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கிணற்றில் இறங்கியவரின் கால், கயிறு, வாளி, உறையில் ஒட்டிய பாசி எல்லாமே கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். நெல்லிப்பலகை இடுவதும் தேற்றாங்கொட்டை உரைத்துக் கலப்பதும் பழைய வழிகள். தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியவைக்கும். கிருமிநீக்கத்துக்கு இவை குளோரினுக்கு ஈடாகா.

அதற்குப் பிளீச்சிங் பவுடர்தான் எளிய மருந்து. ஆனால் அதன் வேகம் நீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. குளோரின் நீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கிருமியைக் கொல்கிறது. பிஎச் 7 ஆக இருந்தால் குளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த வடிவில் இருக்கும். 8 ஆனால் நான்கில் ஒரு பங்குதான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கும் பிஎச் 6.5 முதல் 8.5 வரை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புரைக்கல் நிலத்துக் கிணறுகளில் நீர் சற்று அமிலமாக இருக்கலாம். அங்கே பிஎச்சை உயர்த்தச் சிறிது சுண்ணாம்பு இடுவதில் நியாயம் உண்டு. எல்லாக் கிணற்றுக்கும் அள்ளிப் போடுவதில் இல்லை.

அளவைக் கணக்கிட்டே இட வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம் போதும். தூர்வாரிய பிறகோ வெள்ளம் புகுந்த பிறகோ அதை இரட்டிப்பது வழக்கம். இது 33 விழுக்காடு குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு. ஈரக் காற்றில் திறந்து கிடந்த பொட்டலத்துக்கு இது பொருந்தாது.

பவுடரை வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைச் சேர்த்தால் நீரின் கடினத்தன்மைதான் கூடும். ஒரு மணி நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்; இல்லையென்றால் மறுபடி இட வேண்டும். இரவில் இட்டு, காலையில் சோதித்துவிட்டு எடுப்பது வசதி.

    

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த முறையின் எல்லையைக் காட்டியது. குளச்சல், மணக்குடி போன்ற ஊர்களில் கடல் கரையேறியது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதைக் குளோரினால் நீக்க முடியாது. இறைத்துத் தீர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் கடற்கரை மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். இலங்கையின் கிழக்குக் கரையில் சுனாமிக்குப் பின் நடந்த ஆய்வுகளும் இதையே எச்சரித்தன. அங்கே உப்பைக் குறைத்ததில் பெரும்பங்கு மழைக்கே. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு.

உப்பு, நைட்ரேட், இரும்பு பற்றிய சந்தேகம் இருந்தால், எத்தனை முறை பிளீச்சிங் பவுடர் இட்டிருந்தாலும், மாதிரியை நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே வழி.