பாட்டச் சீட்டு இல்லாதவர்கள்

ஆயுள் குத்தகை என்றால், குடியிருப்பவர் சாகும்வரை அனுபவிக்கலாம். செத்தபின் நிலம் உடைமைக்காரருக்கே திரும்பும். பிள்ளைகளுக்கு அதில் பாத்தியதை இல்லை. அதற்கும் சீட்டு வேண்டும். மனையை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடப் பதிவுப் பத்திரம் கேட்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். நாஞ்சில் நாட்டுச் சேரிகளில் அந்தச் சீட்டுகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் நாம். ஏன் இல்லை?

ஜன்மம், காணம், பாட்டம் மூன்றும் மலையாள நாட்டு நில உரிமைச் சொற்கள். ஜன்மம் முழு உடைமை, காணம் பணம் வாங்கி ஒத்தியாக விடுவது, பாட்டம் வாடகை. 1800-01-இல் மலபாரைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், இதே மூன்று வகையில் அடிமைகளும் கைமாறியதை எழுதியிருக்கிறார். வயலும் பாட்டத்துக்குப் போனது, வயலில் நின்ற ஆளும் போனான். பாட்டத்துக்கு விடப்பட்டவன் எப்படிப் பாட்டக்காரன் ஆவான்?

திருவிதாங்கூர் 1855-இல் அடிமைமுறையை ஒழித்தது. பத்தே வருஷத்தில், 1865-இல், பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் வந்தது. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு விற்கவும் பிள்ளைகளுக்கு விடவும் உரிமை கிடைத்தது. குடியானவரின் மகாசாசனம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் உரிமை போனது பாட்டம் யார் பேரில் இருந்ததோ அவருக்கு. சேற்றில் நின்றவருக்கு அல்ல. 1896-ஆம் ஆண்டு ஜன்மி-குடியான் சட்டமும் காணக் குடியானவரைத்தான் காத்தது.

நமக்குக் கிடைத்தது வாய்வார்த்தை. "ஏமான் இருன்னாரு, இருந்தோம்" என்பார்கள் எங்க ஊர்க் கிழவிகள். இரு என்றவர் போ என்றால் போக வேண்டியதுதான். ஆயுள் குத்தகைக்காரருக்கு ஆயுளாவது நிச்சயம். இவர்களுக்கு அதுவும் இல்லை.

1956 நவம்பர் 1-இல் நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், 1970 முதல், குடிகிடப்புக்காரர்கள் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வாங்கும் உரிமை பெற்றார்கள். தமிழகத்திலும் 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஜூன் 19 அன்று அடுத்தவர் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. ஆனால் அன்று அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். வாய்வார்த்தையில் இருந்தவர் எதைக் காட்டுவார்?

வாய்ச்சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்கும். 1971-ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்கள். படித்த பிள்ளைகள் பழைய வாக்காளர் பட்டியலையும் பள்ளிப் பதிவேட்டையும் தேடட்டும். அதற்கு முன்னால் கிழவிகளிடம் போய் உட்காரட்டும். யார் குடிசை எங்கே இருந்தது, எந்த வருஷம் கட்டியது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, எழுதி, கைநாட்டு வாங்கி வைக்கட்டும்.