அள்ளியும் பள்ளியும்

தர்மபுரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களைக் கவனிச்சிருக்கீங்களா? மாரண்டஅள்ளி, எர்ரபையனஅள்ளி, பூதனஅள்ளின்னு எங்கே பார்த்தாலும் 'அள்ளி'. நடுவுல நல்லம்பள்ளின்னு ஒரு 'பள்ளி'. உடனே ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "அள்ளின்னா கன்னடம், அப்போ இது யாரு ஊரு?"

விஷயம் என்னன்னா, ரெண்டும் ஒரே சொல்தான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப' மெல்ல 'ஹ' ஆக மாற ஆரம்பிச்சது. நம்ம பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. புகை அங்கே ஹொகெ. நம்ம ஒகேனக்கல் அதிலிருந்து வந்ததுதான். அதே கணக்குல பள்ளி ஹள்ளி ஆச்சு. பழைய கன்னடத்தில் அதுவும் பள்ளிதான்! தமிழ் நாக்கு அந்த 'ஹ'வையும் விட்டுட்டதால அள்ளி.

சரி, பள்ளின்னா என்ன? அடிப்படையில் தங்குமிடம். படுக்குற இடம் பள்ளியறை. சேர்ந்து குடியிருந்தா சிற்றூர். தெலுங்கில் பல்லி, பல்லெ என்பதும் அதுதான். சமண, பௌத்தத் துறவிகள் தங்கின இடமும் பள்ளி. அங்கே பாடமும் நடந்ததால பள்ளிக்கூடம் வந்ததுன்னு பரவலா சொல்றாங்க. முஸ்லிம்கள் தொழுகிற இடம் பள்ளிவாசல். மலையாளத்தில் கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளிதான். வடமொழியிலும் இந்தச் சொல் உண்டு, வங்காளத்தில் கிராமத்தை இன்னைக்கும் இப்படித்தான் சொல்றாங்க.

அதுக்காக அள்ளின்னு முடியுற ஊர் எல்லாம் சமணர் ஊர்னு கிளம்பிடக் கூடாது :-) அன்றைய தகடூரான தர்மபுரியில் சமண பசதி இருந்தது நிஜம். 9-ஆம் நூற்றாண்டு நுளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டே அதைச் சொல்லுது. ஆனா ஊர்ப் பேருல வர்ற அள்ளி பெரும்பாலும் வெறும் சிற்றூர்தான்.

எர்ரபையனஅள்ளியையே எடுத்துக்குங்க. தெலுங்கில் 'எர்ர'ன்னா சிவப்பு. முன்னாடி தெலுங்கு, பின்னாடி கன்னடம், கூப்பிடுறது தமிழர்கள். அதியமானுக்கு அப்புறம் கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார்னு எத்தனையோ பேர் ஆண்ட எல்லைப் பூமி இது. மூணு மொழிக்காரங்களும் பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்ததுக்கு இந்தப் பேர்கள்தான் சாட்சி. அள்ளியைப் பள்ளின்னு திருத்தினா தமிழுக்குப் புதுசா எதுவும் கிடைக்காது, அது ஏற்கெனவே நம்ம சொல்லோட கூடப் பிறந்தது. ஆயிரம் வருஷ சாட்சி ஒண்ணுதான் அழிஞ்சு போகும்.