கேட்காதே, சொல்லாதே

பொருள்: அமெரிக்க ராணுவத்தில் 2011 வரை நடப்பிலிருந்த கொள்கையின் பெயர். ஒருவர் தன்பாலீர்ப்பாளரா என்று அதிகாரிகள் கேட்கக் கூடாது. அவரும் அதை வெளியே சொல்லக் கூடாது.

பிறப்பு: தன்பாலீர்ப்பாளர் படையில் சேர இருந்த தடையை நீக்குவதாக 1992 அதிபர் தேர்தலில் பில் கிளிண்டன் வாக்குறுதி அளித்தார். படையின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும் என்று தளபதிகளும் செனட்டர் சாம் நன்னும் எதிர்த்தனர். 1993இல் அந்த இழுபறிக்குக் கிடைத்த சமரசமே இது. தொடரை உருவாக்கியவர் ராணுவச் சமூகவியலாளர் சார்லஸ் மாஸ்கோஸ். ‘துரத்தாதே’ என்ற மூன்றாவது கட்டளையும் சேர்த்தே இது அறிவிக்கப்பட்டது. வழக்கில் இரண்டுதான் நின்றன.

வழக்கு: படையில் சேரும் விண்ணப்பத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்தார்கள், தடையை எடுக்கவில்லை. ‘நான் தன்பாலீர்ப்பாளர்’ என்று வாய்திறந்து சொன்னதே பணிநீக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்ட அரபு மொழி வல்லுநர்களும் அவர்களில் உண்டு. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சமமாக விதித்ததுபோல் தொடர் ஒலித்தாலும், வேலை பறிபோனது சொன்னவருக்குத்தான்.

2010 டிசம்பரில் ஒபாமா நீக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20இல் கொள்கை ஒழிந்தது. நாட்டுக்காக உயிரையே தர முன்வந்தவர்களைப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் பொய்யாக வாழவைத்த அநீதி அது.