காலேஜ் ரோடும் கரிவலம்வந்தநல்லூரும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒரு சாலை. மகளிர் கிறித்தவக் கல்லூரி அங்கே இருப்பதால் வந்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூட வேலையாக டி.பி.ஐ. அலுவலகத்துக்குப் போய்வந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஓய்வு பெற்றபின் படித்ததில் தெரிந்தது, அந்தக் ‘காலேஜ்’ 1812-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. நம்மவர்கள் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்றார்கள். கூவம் கரையில் இன்று டி.பி.ஐ. வளாகம் இருக்கிற இடம்தான் அது இருந்த இடம்.

இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுக்கவே கல்லூரி ஏற்பட்டது. அதற்கு உயிராக இருந்தவர் எல்லிஸ் துரை. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே அவர் எழுதிவிட்டார். நம் இடையன்குடி கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டது 1856-இல், அதாவது 40 வருஷம் கழித்து.

சொல்லிக்கொடுக்கப் புத்தகம் வேண்டுமே! அந்நாளில் நூல்களெல்லாம் ஏட்டில் அல்லவா இருந்தன? ஆகவே கல்லூரிக்கு ஒரு அச்சுக்கூடமும் ஒரு நூலகமும் அமைந்தன. கல்லூரியில் மேலாளராக இருந்த முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் தெற்கே அனுப்பி, வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடிக் கொண்டுவரச் செய்தார். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் இருந்தாரே, அதே வீரமாமுனிவர்தான். அவருடைய சதுரகராதி 1824-இல் கல்லூரி வழியாக அச்சேறியது. தலைமைத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் வந்தது 1826-இல்.

காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி ஊர் ஊராகச் சேர்த்த சுவடிகளில் தென்மொழிகளுக்கு உரியவை, அவர் இறந்தபின் 1828-இல் கல்கத்தாவிலிருந்து இந்த நூலகத்துக்கே வந்தன. பிறகு சி.பி. பிரவுன் சேர்த்த தெலுங்குச் சுவடிகளும் கூடின.

1854-இல் கல்லூரியை மூடிவிட்டார்கள். பழைய கட்டடம் இன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நூலகம் கலையவில்லை. 1869-இல் அதுவே அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று பெயர் பெற்றது. அதன்பின் மாநிலக் கல்லூரி, எழும்பூர் அருங்காட்சியகம், சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடம் என்று வீடு மாறி வீடு மாறி, இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறது. 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள்! குடியிருந்த வீடு போனாலும் குடும்பம் பிழைத்த கதைதான் இது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர். அங்கே பால்வண்ணநாதர் கோயில் இன்றும் கல் குலையாமல் நிற்கிறது. அவ்வூரில் இருந்த பாண்டிய அரசர் ஒருவரின் ஏடுகள் கோயில் வசம் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் ஆசையோடு தேடி வந்தார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்களாம். சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறதென்று விளக்கமும் சொன்னார்களாம். ஐயர் மனம் கொதித்து இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டில் என்னென்ன நூல் இருந்ததோ, யாருக்குத் தெரியும்?

ஏட்டின் அருமை தெரியாததால் வந்த வினை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லிஸுக்கு அருமை தெரியாதா? அவர் 1819-இல் ராமநாதபுரத்தில் எதிர்பாராமல் இறந்தார். அவர் சொந்தமாக எழுதி வைத்திருந்த காகிதங்கள் கேட்பாரற்றுப் போய், மதுரையில் ஒரு கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டன என்று வால்டர் எலியட் குறித்திருக்கிறார். அதே மனிதர் கல்லூரி நூலகத்துக்குச் சேர்த்தவை பிழைத்தன. வீட்டில் வைத்தவை அடுப்புக்குப் போயின.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கல்லூரியில் பட்டியல் இருந்தது. ஒருவர் போனால் அடுத்தவர் கணக்குப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. கரிவலத்தில் கல் கட்டடம் இருந்தது, பட்டியல் வைத்துக் காப்பவர் இல்லை. அந்தப் பாண்டியர் ஏடுகளில் ஒரே ஒரு கட்டு முன்பே வில்வண்டி ஏறிச் சென்னைக் கல்விச் சங்கத்துக்குப் போயிருந்தால், இன்று நம் பேரப்பிள்ளைகள் கோட்டூர்புரத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் வைத்தியர் வீடுகளிலும் பழைய வாத்தியார் வீடுகளிலும் பரணில் இன்னும் ஏட்டுக்கட்டு கிடக்கலாம். சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் தடவி வைத்துவிட்டு மறுபடி பரணிலேயே ஏற்றிவிடாதீர்கள். கரையான் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கொடுக்க மனமில்லாவிட்டால் படமாவது எடுக்க விடுங்கள். கொடுப்பதாக இருந்தால் பட்டியலில் ஏற்றிக்கொள்கிற இடமாகப் பார்த்துக் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.