மரமும் தோலும்: உரத்த கிதாரின் வரலாறு

கிதார், அரபியரின் ஊத் என்னும் இசைக்கருவியிலிருந்து பிறந்தது என்றும், ஆகவே அது முஸ்லிம்கள் மேற்குலகிற்கு வழங்கிய கொடைகளுள் ஒன்று என்றும் நம்மவர் எழுதும் நாகரிக வரலாறுகளில் அடிக்கடி படிக்கிறோம். சொற்பிறப்பைச் சான்றாகக் காட்டுவர். மரம் எனப் பொருள்படும் 'அல்-ஊத்' என்னும் அரபுச் சொல்லே ஸ்பானிய மொழியில் 'லாவூத்' என்றும், ஆங்கிலத்தில் 'லூட்' என்றும் மருவியது, இதில் ஐயமில்லை. ஆனால் லூட் வேறு, கிதார் வேறு. ஊத், பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற வடிவும் குவிந்த முதுகும் உடையது. கிதாருக்கோ முதுகு தட்டை. நடுவில் ஒடுங்கிய இடை உண்டு. அதன் பெயரும் 'கிதாரா' என்னும் கிரேக்கச் சொல்வழி வந்தது. அரபியரும் அச்சொல்லைக் கடன் கொண்டவரே. ஆகவே மேற்கண்ட கூற்றில் உண்மை பாதியே. பாதி உண்மையை முழுமையாக்கி எழுதிப் பெருமை கொள்வதால் நம் வரலாற்றுக்கு நன்மை ஏதும் விளைவதில்லை.

எனினும் கிதாருக்கும் முஸ்லிம் உலகிற்கும் இடையே அதிகம் பேசப்படாத வேறொரு தொடர்பு உண்டு. இரைச்சல் மிகுந்த இடத்தில், ஒலிபெருக்கியின் துணையின்றித் தன் கருவியைப் பிறர் கேட்கச் செய்ய விரும்பிய கலைஞன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்னும் வினாவைப் பின்தொடர்ந்தால் அது புலப்படும்.

இசைக்கருவிகள் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் 'ஸமாஃ' குறித்து ஆய்ந்து, மதுவருந்துவோரின் அவையோடு பிணைந்தவை என்பதனால் நரம்புக் கருவிகளை விலக்கியதையும், குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள் தடைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஹதீஸ்களை வலுவற்றவையெனக் கொண்டதையும் நம் வாசகர் அறிவர். கருத்து வேறுபாடு நிலவிய காலமெல்லாம் கருவியும் இருந்தது. அதன் வரலாற்றையே இங்கு பேசுகிறோம்.

ஊத் அவைக்குரிய கருவி. விரிப்பு விரித்த கூடத்தில் கேட்போர் அருகமர்ந்திருக்க, இறகினால் மீட்டப்படுவது. அல்-ஃபாராபி இசைபற்றிய தம் பெருநூலில் சுரங்களின் இடைவெளிகளை விளக்குவதற்கு இதன் நரம்புகளையே துணையாகக் கொண்டார். போர்க்களத்திற்கும் கோட்டை வாயிலுக்கும் ஊர்வலத்திற்கும் வேறு கருவிகள் இருந்தன. உஸ்மானியரின் மெஹ்தர் அணியில் ஸுர்னாவும் நக்காராவும் முழங்கின. அபுல் ஃபஸல் ஆயீனே அக்பரியில் அக்பரின் நக்காரகானாவை விரித்துரைத்தார். நம் தர்காக்கள் சிலவற்றின் வாயிலில் காணும் நகரா மேடையும் அம்மரபைச் சேர்ந்ததே. அறைக்கு நரம்பு, வெளிக்கு முரசு என்று வேலை பகிரப்பட்டிருந்தமையால், ஊத்தைக் கடைத்தெருவின் கூச்சலுக்கு மேல் கேட்கச் செய்யும் தேவை பெரிதாக எழவில்லை.

ஆயினும் ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை அக்கால அறிஞர் நன்குணர்ந்திருந்தனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா குழுவினர் தம் மடல்களுள் ஒன்றை இசைக்கென ஒதுக்கினர். ஊத்தின் நான்கு நரம்புகளும் முறையே 64, 48, 36, 27 பட்டிழைகளால் ஆகியிருத்தல் வேண்டும் என்றும், முகப்பலகை மெலிந்ததாகவும், இலேசான ஆனால் உறுதியான மரத்தாலானதாகவும், தட்டினால் ஒலிப்பதாகவும் அமைதல் வேண்டும் என்றும் அதில் கூறுகின்றனர். இக்கால இயற்பியலும் இதையே சொல்கிறது. அதிரும் நரம்பு தானாக அசைக்கும் காற்று மிகச் சிறிது. நரம்பைத் தாங்கும் குதிரையின் வழியாக அதிர்வு பலகைக்குச் சென்று, அகன்ற அப்பலகை காற்றை அசைக்கும்போதே அது செவியை எட்டுகிறது. பலகை எவ்வளவு இலேசோ அவ்வளவு எளிதில் அசையும். ஆனால் இலேசான பலகை நரம்பின் இழுவிசையைத் தாங்காமல் வளையும், பிளக்கும். உரத்த கருவி செய்ய முனைந்த ஒவ்வொருவரும் இந்த இரண்டிற்கும் நடுவே சிக்கியவரே.

ஸிர்யாப் பற்றிய செய்தியையும் இவ்விடத்தில் வைத்தே நோக்க வேண்டும். 822ஆம் ஆண்டில் குர்துபாவை அடைந்து இரண்டாம் அப்துர் ரஹ்மானின் ஆதரவைப் பெற்ற அவ்விசையறிஞர், ஊத்தில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்பது பலரும் அறிந்தது. பக்தாதிலேயே, தம் ஆசிரியரின் ஊத்தோடு அளவிலும் மரத்திலும் ஒத்ததாயினும் எடையில் இலேசான ஊத் ஒன்றைத் தமக்கெனச் செய்து வைத்திருந்தார் என்பது அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. இதனைக் கூறும் அல்-மக்கரி 17ஆம் நூற்றாண்டினர். எட்டு நூற்றாண்டுகள் கடந்து எழுதுபவர் என்பதால் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. ஆனால் எடையைக் குறைப்பதே கருவியை மேம்படுத்தும் வழி என்னும் அறிவு அக்கதையைச் சொன்னவர்களிடம் இருந்தது என்பது உறுதி.

ஸ்பெயினில் கிதாரின் குரல் குறித்த பழைய குறிப்பொன்று 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹுவான் ரூயிஸிடம் கிடைக்கிறது. கிறித்தவ மதகுருவான அவர், மூர்களின் கிதார் எனவும் லத்தீன் கிதார் எனவும் இரண்டைப் பிரித்துக் கூறி, முன்னதைக் கூர்த்த குரலுடையதாகக் காட்டுகிறார். அதன்பின் நெடுங்காலம் கிதார் சிறிய உடலும் மெல்லிய ஓசையும் உடைய வீட்டுக் கருவியாகவே இருந்தது. இன்றைய கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்திய அந்தோனியோ தெ தோரெஸ் 1817இல் அல்மேரியாவில் பிறந்தார். 955இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் நிறுவிய அல்மரிய்யாவே அந்நகரம். தோரெஸ் உடலை அகலப்படுத்தினார். முகப்பலகையை மெலிதாக்கி, அது வளையாதிருக்க உட்புறத்தில் விசிறிபோல் மெல்லிய சட்டங்களைப் பொருத்தினார். 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து, முகப்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கிதாரைச் செய்தார். ஓசை முகப்பலகையிலேயே உள்ளது என மெய்ப்பிக்கவே அம்முயற்சி. அவர் பஸராவின் மடலைக் கண்டார் எனக் கூற நாம் துணியோம். மரத்தோடு பழகிய இரு சாராரும் ஒரே முடிவிற்கு வந்தனர், அவ்வளவே.

இது மரத்தின் வழி. தோலின் வழி வேறு நிலத்தில் தொடங்குகிறது.

1352இல் மாலி நாட்டை அடைந்த இப்னு பதூதா, அந்நாட்டு மன்னர் மன்ஸா சுலைமானின் திறந்தவெளி அவையை விவரிக்கிறார். மன்னருக்கு முன்னே பொன்னாலும் வெள்ளியாலும் ஆன 'குன்புரி'களை ஏந்திப் பாடகர் நடந்தனர். முரசும் கொம்பும் முழங்கின. நரம்புக் கருவி அறையை விட்டு வெளியே வந்து, முரசின் அருகே நிற்பதை இங்கே காண்கிறோம். அதே பெயர் தாங்கி மொரோக்கோவில் வழங்கும் கின்ப்ரி, மரத்தொட்டியின் வாயில் தோலைப் போர்த்திய கருவி. மேற்கு ஆப்பிரிக்கப் பாணரின் இங்கோனியும் கலமும் அவ்வகையினவே. தோல் எம்மரப்பலகையினும் இலேசானது; மீட்டியவுடன் ஓசை பாய்ந்து வரும், வந்த விரைவிலேயே அடங்கியும் விடும். நரம்பில் ஏற்றிய ஆற்றல் ஓர் அளவுக்குட்பட்டது. அதை ஒரே கணத்தில் செலவிட்டால் உரத்த ஓசை, மெல்லச் செலவிட்டால் நீண்ட ஓசை. இரண்டையும் ஒருங்கே பெறும் வழி இல்லை. ஆப்கானிய ரபாபையோ அதன் வழிவந்த சரோதையோ கேட்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இக்கருவிகளைச் செய்யும் அறிவு அடிமைக் கப்பல்களில் கடல் கடந்தது. கருவிகள் பறிக்கப்பட்டாலும் கைகள் மறக்கவில்லை. 1687இல் ஜமைக்கா சென்ற ஹான்ஸ் ஸ்லோன், அங்கு அடிமைகள் சுரைக்குடுக்கையில் காம்பு பொருத்தி நரம்பு கட்டி மீட்டியதைக் கண்டு, 1707இல் வெளியிட்ட தம் நூலில் படத்துடன் பதிவு செய்தார். பாஞ்சோ இதிலிருந்து உருவாயிற்று. அடிமைகளாக்கப்பட்டோருள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர் என்பதைக் கொண்டு பாஞ்சோவையும் நம் கொடைப் பட்டியலில் சேர்க்கும் ஆவல் எழலாம். அது தகாது. பாஞ்சோவிற்கு மிக நெருங்கியதெனக் கருதப்படும் அக்கோண்டிங், செனகல்–காம்பியாப் பகுதியின் ஜோலா மக்களுடையது. அவர்களிடையே இஸ்லாம் பரவியது மிகப் பிற்காலத்தில். பாணர் மரபும் சிற்றூர் மரபும் முஸ்லிம்களும் அல்லாதாரும் கலந்தே அக்கப்பல்களில் வந்தனர்.

இவ்விரு வழிகளும் 1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் எதிர்கொண்டன. எக்காளமும் முரசும் ஆடுவோரின் காலடியோசையும் நிறைந்த அவ்வரங்கில் பாஞ்சோ தெளிவாகக் கேட்டது, கிதார் கேட்கவேயில்லை. கிதாரை விரும்பியவர் ஒன்று அதனைக் கைவிட வேண்டும், அல்லது உரக்கச் செய்ய வேண்டும்.

முதலில், குடல் நரம்பை நீக்கி எஃகுத் தந்தியைப் பூட்டினர். நைலான் நரம்புகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ எனின், எஃகுத் தந்திகளுக்கு அது 70 கிலோவைக் கடக்கும். அதைத் தாங்கப் பலகையின் உட்சட்டங்கள் வலுப்பெற்றன. வலுப்பெற்ற பலகை கனத்தது. கனத்ததை அசைக்க உடலைப் பெரிதாக்கினர். மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்சன் என்னும் வணிக நிறுவனத்திற்காகச் செய்த பருத்த கிதாருக்கு, 1906இன் புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் 'டிரெட்நாட்' எனப் பெயரிட்டது. 1931இல் தன் பெயரிலேயே அதை விற்கத் தொடங்கியது. இதற்கிடையே 1929இல் அந்நிறுவனம் கழுத்து நீண்ட வேறொரு கிதாரையும் செய்தது. அதைக் கேட்டுப் பெற்றவர் பெர்ரி பெக்டெல் என்னும் பாஞ்சோக் கலைஞர். கிப்சன் நிறுவனமோ வயலினைப்போல் முகப்பலகையைக் குடைந்து வளைத்து, 1922இல் எல்-5 என்னும் கிதாரைத் தந்தது. 1934இல் 46 செ.மீ. அகலத்தில் மற்றொன்றைச் செய்து, அதன் விலையாகிய 400 டாலரையே அதற்குப் பெயராக்கி 'சூப்பர் 400' என்றது.

கிப்சனோடு போட்டியிட்ட எப்பிஃபோன் நிறுவனத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. உஸ்மானியரின் துறைமுக நகரான இஸ்மிரில் லூட் வகைக் கருவிகள் செய்துவந்த கிரேக்கர் அனஸ்தாசியோஸ் ஸ்டாதோபுலோஸ், 1903இல் நியூயார்க்கில் குடியேறினார். 1915இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற மகன் எப்பாமினோண்டாஸ், காலத்தின் போக்கறிந்து பாஞ்சோவிற்கு மாறினார். 1928இல் நிறுவனத்தின் பெயரே பாஞ்சோ நிறுவனம் என்றானது. 1931இல் கிதாருக்குத் திரும்பி, 1935இல் சூப்பர் 400ஐ விட அகன்ற 'எம்பெரர்' என்னும் கிதாரை வெளியிட்டார். ஊத் மரபின் மரவேலை, ஆப்பிரிக்கத் தோல், அமெரிக்க எஃகு ஆகிய மூன்றையும் ஒரே குடும்பம் இரண்டு தலைமுறையில் கடந்தது. நம் நூல்கள் தேடிக் கொண்டிருக்கும் தொடர்பு இத்தகைய பட்டறைகளிலேயே கிடைக்கிறது.

மற்றொரு விடை உலோகத்தில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மேடைகளில் கிதாரை மடிமேல் கிடத்தி மீட்டிய ஜார்ஜ் போஷாம்ப், தன் கருவி உரக்க ஒலிக்க வேண்டுமென ஜான் டோப்யேராவை நாடினார். ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய டோப்யேரா பாஞ்சோ செய்து பழகியவர். 1927இல் வந்த நேஷனல் கிதாரில் முகப்பலகைக்கு வேலையே இல்லை. குதிரையின் அடியில் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று அமர்ந்து காற்றை அசைத்தன. உடலும் உலோகமே. மறுஆண்டு ஒற்றைக் கூம்புடைய மலிவான வகை வந்தது. சன் ஹவுஸ், புக்கா ஒயிட் போன்ற மிசிசிப்பிப் பாடகர் கைகளில் நேஷனல் கிதாரைக் காண்கிறோம். தோல் செய்த வேலையையே அலுமினியம் செய்தது. ஆனால் மழையீரத்தில் தோலைப்போல் தொய்வதில்லை.

இவற்றுள் இரைச்சலுக்கு ஏற்றது எது? பெரிய உடலே உரத்தது என்பது பலரின் எண்ணம். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. நம் செவியோ 2000 முதல் 5000 வரையிலான அதிர்வுகளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. டிரெட்நாட்டின் பெருமை அதன் ஆழ்ந்த கீழோசை. அமைதியான அறையில் அது நெஞ்சை நிறைக்கும். கூட்டத்தின் முழக்கத்திலும் காலடியிலும் முதலில் மூழ்குவதும் அதுவே. வளைந்த முகத்துக் கிதாரும் கூம்புக் கிதாரும் நடுவோசையைக் கூராக்கித் தருவதால் இரைச்சலைக் கிழித்து வெளிவரும். கவுண்ட் பேசியின் பேரிசைக்குழுவில் 1937 முதல் அரை நூற்றாண்டு வாசித்த ஃபிரெடி கிரீன், தந்திகளை உயர்த்திக் கட்டி, ஒலிபெருக்கியின்றியே வாசித்தார். அவர் ஓசை ஒவ்வொரு தாள அடியிலும் எழுந்து உடனே மறையும். நீட்சியை அவர் விரும்பவுமில்லை. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபல் குறைகிறது என்பதையும் கருத வேண்டும்.

போஷாம்ப் அலுமினியக் கூம்போடு நிற்கவில்லை. நேஷனலை விட்டு விலகிய அவர், 1932இல் அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் இணைந்து காந்தத்தால் இயங்கும் மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வார்த்த அலுமினியத்தாலான அதன் வடிவம் கண்டு மக்கள் அதனை 'வறுசட்டி' என்றழைத்தனர். முகப்பலகை, தோல், கூம்பு எதுவும் அதில் இல்லை.

மின்சாரம் எட்டாத தெருமுனையிலும் சந்தையிலும் வாசிப்பவருக்குப் பழைய தேர்வே மிஞ்சியது. கிதாரின் ஓசை முன்னோக்கிச் செல்வது. மடியில் வைத்து மீட்டுபவர் அதன் பின்புறத்தில் இருக்கிறார். ஆகவே வாங்குபவர் பிறரை வாசிக்கச் செய்து, தாம் கடையை விட்டு இறங்கி, வண்டிகள் போகும் தெருவின் எதிர்ப்புறம் நின்று கேட்பது நலம்.